பெரிய துரைக்குத் துவளும் தண்டு

பந்தடிக்கும் மட்டை ஒன்றை என் கையில் கொடுத்து, அடிக்கிற ஆளை எதிரில் மூன்று தரம் வீசிக் காட்டச் சொன்னால், அந்த மட்டை அந்த ஆளுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காக எழுதவில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்க இன்றைக்கும் எனக்கு வராது. சம்பந்தி வீட்டார் வந்தால் அடுப்பங்கரையில்தான் இருப்பேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் என் கை தப்பாது.

மட்டை என்றால் பிள்ளைகள் ஆடும் கிரிக்கெட் மட்டை இல்லை. வெள்ளைக்காரத் துரைமார் கோல்ப் என்று ஒன்று ஆடுவார்கள். எலுமிச்சம்பழம் அளவு பந்தை நீள மட்டையால் அடித்து, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும் குழியில் கொண்டுபோய்ப் போடவேண்டும். அதற்கு ஒரு பகல் பாதி ஆகும். எங்கள் பக்கத்து சனங்கள் அதைக் குழிப்பந்து என்பார்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக் கொட்டகைகள் எழும்பியிருந்தன. பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவில், கேழ்வரகுகூட ஒழுங்காக விளையாத மேட்டு நிலம் ஒன்றைத் துரைமார் பந்தாட எடுத்துக்கொண்டார்கள். அந்த வெயிலில் புல் எங்கே நிற்கும்? குழியைச் சுற்றி மணலைக் கொட்டி எண்ணெய் தெளித்துக் கெட்டியாக்கி வைத்திருப்பார்கள். மத்தியானத்தில் அந்த எண்ணெய் வாடை கிளம்பி எங்கள் வீடு வரைக்கும் வரும்.

எங்கள் வீடு என்று எழுதினேன். அந்த வீட்டைப் பற்றித்தான் முதலில் சொல்லவேண்டும்.

என் வீட்டுக்காரர் தச்சர். வண்டிச் சக்கரத்துக்கு ஆரக்கால் இறக்குவதில் பூந்தமல்லியில் பேர் வாங்கினவர். கல்யாணமாகி ரெண்டு வருஷம் அவருடைய அண்ணன் வீட்டில் இருந்தோம். ஒரே கூடம், பதினோரு பேர். நல்ல மனுஷர்கள்தான், ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனால் நான் முகம் கழுவப் போனால் ஆறு பேரைத் தாண்டிப் போகவேண்டும். சோறு தின்றால் நாலு பேர் பார்ப்பார்கள். கூச்சப்படுகிறவளுக்கு அது எப்படி இருக்கும் என்று கூச்சப்படுகிறவளுக்குத்தான் தெரியும். அந்த ரெண்டு வருஷத்தில் நான் வயிறு நிறையச் சாப்பிட்ட நாள் குறைவு.

அப்போதுதான் குழிப்பந்து மைதானத்தில் மட்டை பழுது பார்க்க ஒரு மிஸ்திரி வேண்டும் என்று கேட்டு இவரைக் கூப்பிட்டார்கள். வேலைக்கு ஒரு கொட்டகை. அதன் பின்பக்கம் ஓடு போட்ட ஒற்றை அறை. அதற்குப் பலகைக் கதவு. உள்ளே மரத் தாழ்ப்பாள். குடிபோன அன்றைக்கு அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அப்புறம் உட்கார்ந்து ரெண்டு தட்டு சோறு தின்றேன்.

துரைமார் இளைப்பாறும் பங்களாவில் ஒரு பட்லர் இருந்தார். எங்கள் ஊர்ப்பக்கத்துக் கிறிஸ்தவர், வேதக்காரர் என்போம். இங்கிலீஷ் தண்ணிபட்ட பாடு. துரைமார் சொல்வதை எங்களுக்கும், நாங்கள் சொல்வதைத் துரைமாருக்கும் சொல்கிறவர் அவர்தான். கிண்டல் இல்லாமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். வீட்டுக்கு வெளிப்பக்கம் ஒரு பூட்டு உண்டு. அதன் சாவியை மட்டும் அவர் கொடுக்கவில்லை.

"செவுத்துக்கு சுண்ணாம்பு கிண்ணாம்பு அடிச்சிடாத மிஸ்திரி," என்றார் இவரிடம். "மாசக் கடைசில கப்புப் பந்தயம் கீது. அதுவரிக்கும் பெரிய துரை ஒன்ன பாத்துகினு இருப்பாரு. புடிச்சிதுன்னா சாவி ஒனக்கு. புடிக்கலன்னா பட்டணத்துலேர்ந்து வேற மிஸ்திரி வருவான், சாவி அவனுக்கு. நீ ஒன் அண்ணாத்தே ஊட்டுக்குப் போய்கினே இரு."

நான் கதவுக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் வீட்டுக் கூடம் கண்ணில் வந்து போயிற்று.

இவர் வேலையில் குறை சொல்ல முடியாது. அந்த மட்டையில் மூன்று பாகம். கீழே பந்தில் படுகிற தலைக்கட்டை. மேலே தோல் சுற்றின பிடி. ரெண்டுக்கும் நடுவில் தண்டு. தலைக்கட்டையும் பிடியும் பார்க்கிறவன் கண்ணுக்கு. மட்டையின் உயிர் தண்டில்தான் இருக்கிறது. அந்தத் தண்டு சீமையிலிருந்து கப்பலில் வந்த ஒரு வைர மரம். இரும்புக் குழாய்த் தண்டு போட்ட மட்டையும் சில துரைமாரிடம் இருந்தது. யுத்தத்தில் எதுவும் வருவது நின்றுபோயிற்று. கொட்டகைப் பெட்டியில் மிச்சம் இருந்தது ஆறே ஆறு மரத்தண்டு. பார்வைக்கு ஆறும் ஒரே மாதிரி. வளைத்துப் பார்த்தால் ஆறும் ஆறு குணம். கண்ணாடிச் சில்லால் சுரண்டித் தண்டை மெலியவைக்கலாம், துவளவைக்கலாம். சுரண்டினதைத் திருப்பி ஒட்ட முடியாது.

குடிபோன மூன்றாம் நாள், பட்டாளத்து மேலதிகாரியான பெரிய துரையின் நீள மட்டை தண்டில் விரிசல் விட்டுக் கொட்டகைக்கு வந்தது. அதே வாரம் இன்னொரு துரையின் நீள மட்டையும் முறிந்து வந்தது. அவர் வயசில் சின்னவர், ஒல்லி. கழுத்து கொக்குக்குப்போல் நீளம். நாங்கள் ஒல்லி துரை என்போம். பெரிய துரையோ ஆறடி. நிலைப்படியில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது.

இவர் பெட்டியிலிருந்து ஆறு தண்டையும் எடுத்துத் தரையில் ஊன்றி அழுத்திப் பார்த்தார். இருப்பதிலேயே விறைப்பானதைப் பெரிய துரைக்கு எடுத்து வைத்தார். இருப்பதிலேயே துவளுவதை ஒல்லி துரைக்கு. அதில் அவருக்கு ஒரு யோசனையும் தேவைப்படவில்லை. எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். மணியக்காரர் கையில் இருப்பது வளையாத தடி. வாத்து ஓட்டுகிறவன் கையில் இருப்பது துவளுகிற குச்சி. ஆள் எவ்வளவு பெரியவனோ அவ்வளவு விறைப்பாக இருக்கவேண்டும் கையில் பிடிக்கிற கோல். அதை மாற்றிக் கொடுப்பது மரியாதைக் குறைவு. பட்லரும் வந்து பார்த்துவிட்டு, "பெரிய துரைக்குப் பெரிய தடி. கரெக்டு மிஸ்திரி," என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ரெண்டு மட்டையும் பளபளவென்று போயின. நாலு நாளில் ரெண்டும் திரும்பி வந்தன.

"மட்டை மேல ஒரு கீறல் இல்ல, அத நான் ஒத்துக்கறேன்," என்றார் பட்லர், ரெண்டையும் மேசைமேல் வைத்து. "ஆனா பெரிய துரை இன்னிக்கு ஆறு பந்த பனந்தோப்புக்கு தானம் பண்ணிட்டாரு. எத்தினி தபா அடிச்சாலும் தரையோட போய் வலது பக்கம் பனந்தோப்புலதான் பூருது. கள்ளு எறக்கறவன் ரெண்டு பந்த பொறுக்கிகினு வந்து, இது இன்னா முட்டைன்னு என்கிட்ட கேக்கறான்."

"ஒல்லி துரைக்கு?" என்று கேட்டார் இவர்.

"அவருது வேற தினுசு. ஒரு பந்து கெயக்க, ஒரு பந்து மேக்க. அவரு பந்த தேடறதுக்கு இன்னொரு பட்டாளம் வோணும். பத்து நாள் கீது மிஸ்திரி, பந்தயத்துக்கு. பெரிய துரை மொகம் நல்லா இல்ல. சொல்லிட்டேன்."

அன்று ராத்திரி இவர் சரியாகச் சாப்பிடவில்லை. கட்டு இறுகவில்லையா, தலைக்கட்டையில் ஈயம் ஜாஸ்தியா என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். தண்டைப் பற்றி மட்டும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் கூழ்ச்சட்டியோடு போனபோது கொட்டகைக்குள் பட்லர் இருந்தார். அவர் இருக்கும்போது நான் உள்ளே போவதில்லை. கள்ளிவேலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்து முதல் மண்மேடு தெரியும். அதன்மேல்தான் பந்தை வைத்து முதல் அடி அடிப்பார்கள். பெரிய துரை வேறு யாருடைய மட்டையையோ இரவல் வாங்கி அடித்துக்கொண்டிருந்தார். நான் வெள்ளைக்காரர்களை நிமிர்ந்து பார்த்தது கிடையாது. வேலி நடுவில் இருந்ததால் அன்றைக்குப் பார்த்தேன்.

அந்தப் பெரிய உடம்பு மட்டையை மெல்ல மெல்லப் பின்னால் தூக்கிற்று. மேலே போனதும் கொஞ்சம் நின்றது, ஏதோ ஞாபகம் வந்தமாதிரி. அப்புறம் பாரவண்டி திரும்புகிறமாதிரி நிதானமாகக் கீழே இறங்கிற்று. அவருக்குப் பிறகு ஒல்லி துரை வந்தார். கண் மூடித் திறப்பதற்குள் கல்லில் துணி அடிக்கிறமாதிரி ஒரு வீச்சு. மட்டை போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அப்பாவும் சித்தப்பாவும்தான் அங்கே நின்றிருந்தார்கள்.

என் பிறந்த ஊர் திருநின்றவூர். எங்கள் வீட்டில் தயிர் வியாபாரம். அப்பாவும் சித்தப்பாவும் தினம் விடியும் முன்னே காவடி கட்டித் தயிர் கொண்டுபோவார்கள். முருகனுக்கு எடுக்கும் காவடி இல்லை. தோளில் ஒரு மூங்கில் கழி, ரெண்டு முனையிலும் உறி, உறியில் பானை. அவ்வளவுதான். அப்பா பெரிய உடம்பு, நிதான நடை. சித்தப்பா கொத்தவரங்காய் மாதிரி, நடையே ஓட்டம். புதிசாகப் பார்க்கிறவர்கள் பெரிய உடம்புக்குத் தடித்த கழி என்றுதான் நினைப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பா கழிதான் துவளும். சித்தப்பா கழி விறைப்பு. ஏனென்றால் கால் வைக்கிற நேரமும் கழி ஆடுகிற நேரமும் ஒன்றாக இருக்கவேண்டும். நிதானமாக நடக்கிறவனுக்குக் கழி மெல்ல இறங்கி மெல்ல ஏறவேண்டும். ஓடுகிறவனுக்கு மெல்ல ஆடும் கழி கொடுத்தால், அவன் அடுத்த அடி வைத்துவிடுவான், பானை இன்னும் முந்தின அடியிலேயே இருக்கும்.

ஒருநாள் விடியற்காலை இருட்டில் ரெண்டு பேரும் கழியை மாற்றி எடுத்துப் போய்விட்டார்கள். சித்தப்பா ஆவடி போய்ச் சேரும்போது பானையில் மோர் இருந்தது. அப்பாவுக்குத் தோளில் கொப்புளம். அன்றிலிருந்து கழி எடுத்துக் கொடுக்கிற வேலையை அம்மா என் தலையில் கட்டிவிட்டாள். எட்டு வயசு. ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையை உள்ளங்கையால் ஒரு அழுத்து. கண்ணை மூடிக்கொண்டே எது யாருடையது என்று சொல்வேன். கல்யாணமாகிப் போகிறவரைக்கும் ஒருநாளும் தப்பினதில்லை.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன்.

"பெரிய துரைக்கு எங்க அப்பா கழிங்க. ஒல்லி துரைக்குச் சித்தப்பா கழி. நீங்க மாத்திக் குடுத்துட்டீங்க."

"இன்னாம்மே ஒளர்ற?"

"பெரியவரு மெதுவா வீசறாரு. அவரு கை கீழ வந்துடுது, தண்டு கட்டையாட்டம் கூடவே வருது, ஒதவி பண்ண மாட்டேங்குது. ஒல்லியாருக்கு அவரு கை மின்ன வந்துடுது, தண்டு பின்னால எங்கியோ ஆடிகினு கீது."

எனக்கு அது நீளப் பேச்சு. இவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"தயிர்க்காவடியும் தொர மட்டையும் ஒண்ணாம்மே? அவ்ளோ பெரிய மன்சன் கையில துவள்ற தண்ட குடுத்தா இன்னா நெனப்பாரு? என்ன வாத்து மேய்க்கச் சொல்றியாடான்னு கேப்பாரு. இருக்கற நாளும் போய்டும்."

பேச்சில் நான் யாரையும் ஜெயித்ததில்லை.

எங்கள் கொட்டகைக் கிணறு உப்பு. நல்ல தண்ணீர் ஏரிக்கரை ஊற்றிலிருந்துதான் வரவேண்டும். காலையில் இவர்தான் காவடி கட்டி ரெண்டு குடம் கொண்டுவருவார். இவர் நடையும் சித்தப்பா நடைதான், விறுவிறுவென்று. அதற்குத் தக்க விறைப்பான கழிதான் நான் வைத்திருந்தேன். மறுநாள் அதை ஒளித்துவைத்துவிட்டு, துணி உலர்த்தக் கட்டியிருந்த துவளும் மூங்கிலை உறியில் மாட்டிக் கொடுத்தேன்.

இவர் திரும்பி வந்தபோது வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. ரெண்டு குடமும் முக்கால்கூட இல்லை.

"இந்தக் கழிக்குப் பேய் புடிச்சிருக்கு," என்றார். "நான் ஒரு பக்கம் போறேன், கொடம் ஒரு பக்கம் போது."

நான் ஒளித்துவைத்த கழியை எடுத்து நீட்டினேன். கழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாங்கிக்கொண்டு மறுபடியும் ஊற்றுக்குப் போனார். வந்தபோது குடம் ரெண்டும் தளும்பாமல் நிறைந்திருந்தன. இறக்கிவைத்துவிட்டு, தோளில் கழியோடு, வாசலுக்கும் வேலிக்கும் நடுவில் சும்மா நாலு நடை நடந்து பார்த்தார். அப்புறம் துணி உலர்த்தும் மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே மெதுவாக, பெரிய துரை மாதிரி வயிற்றைத் தள்ளி நடந்தார். மூங்கில் ஒழுங்காக ஆடிற்று.

"கெட்டிக்காரிதாம்மே நீ. வாயால சொல்றதுக்கு இன்னா?" என்றார்.

"சொன்னேனே."

அவர் மூங்கிலை இறக்கிவைத்துவிட்டு நேரே கொட்டகைக்குப் போனார்.

கை மட்டும் போதாது, கண்ணுக்கும் தெரியவேண்டும் என்று இவர் ஒரு வேலை செய்தார். மட்டையிலிருந்து கழற்றின ரெண்டு தண்டையும் ஒவ்வொன்றாகச் சுவரோரம் மேசையில் இறுக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியில் ஒரே தராசுப் படிக்கல்லைத் தொங்கவிட்டார். நுனி எவ்வளவு தாழ்கிறது என்று சுவரில் கரிக்கோடு. ஒல்லி துரைக்குக் கொடுத்திருந்த தண்டு நாலு விரற்கடை அதிகம் தாழ்ந்தது. பெட்டியில் இருந்த மிச்சம் நாலையும் தொங்கவிட்டு அதற்கும் கோடு போட்டார். தப்பு எந்தத் தண்டிலும் இல்லை. கொடுத்த கணக்கில்தான் தப்பு. ரெண்டு தண்டையும் தலைக்கட்டை மாற்றிப் பொருத்தி, மெழுகு நூல் சுற்றி, அரக்குப் பூசி உலரவைத்தார். ஒரு தண்டும் வீணாகவில்லை.

பந்தயத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பெரிய துரையே கொட்டகைக்கு வந்துவிட்டார். கூடவே பட்லர். நான் வீட்டுக்குள் கதவை ஒருக்களித்து நின்றிருந்தேன்.

இவர் மட்டையை ரெண்டு கையாலும் நீட்டினார். துரை வாங்கினார். பிடியைத் தடவினார். அப்புறம் நுனியைத் தரையில் ஊன்றி ஒரு அழுத்து அழுத்தினார். தண்டு வில்லாக வளைந்தது. அவர் முகத்தில் இருந்த கொஞ்சம் சிரிப்பும் போயிற்று. இங்கிலீஷில் என்னவோ கேட்டார்.

"இது யாரோட மட்டை, பொம்பளைங்க மட்டையான்னு கேக்கறாரு," என்றார் பட்லர். பிறகு தணிந்த குரலில், "மிஸ்திரி, இன்னா பண்ணி வெச்சிகீற?"

"அவருதுதான். அவருக்குன்னு பாத்துக் கட்டினது," என்றார் இவர்.

பட்லர் அதைச் சொன்னார். துரை ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"ஏன்னு கேக்கறாரு."

இவர் காவடி, தயிர், சித்தப்பா, பானை என்று துண்டு துண்டாகச் சொன்னார். பட்லர் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "தயிர்ப்பானைய நான் எப்டி இங்கிலீஷ்ல சொல்றது? சொன்னா என்னையும் சேத்துத் தொரத்துவாரு." துரை மட்டையை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினார். பட்லர் மடியில் சாவி குலுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது.

நான் எப்படிக் கதவைத் திறந்தேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வார்த்தை ஒன்றும் வரவில்லை. மேசையோரம் சாய்ந்திருந்த வெறும் தண்டு ஒன்றை எடுத்தேன். துரைக்கு எதிரில் நின்று, வயிற்றைக் கொஞ்சம் தள்ளி, அவர் தூக்குகிறமாதிரி மெல்ல மெல்லத் தூக்கினேன். மேலே நிறுத்தினேன். அங்கே அவர் ஏதோ ஞாபகம் வந்தமாதிரி நிற்பாரே, அப்படி நின்றேன். அப்புறம் பாரவண்டி திரும்புகிறமாதிரி இறக்கினேன். உடனே காலை மாற்றி வைத்து, கழுத்தை நீட்டி, ஒல்லி துரை மாதிரி கல்லில் துணி அடிக்கிற வீச்சு ஒன்று. திரும்பவும் பெரியவர், மெல்ல. இறங்கும்போது மேசையில் கிடந்த அவர் மட்டையைக் கையால் தொட்டுக் காட்டினேன். அது உங்களுக்கு.

பட்லர் வாயில் கையை வைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய அதிகாரியை அவருக்கு எதிரிலேயே ஒரு பெண்பிள்ளை நடித்துக் காட்டிவிட்டாள். எனக்கு அது நடிப்பென்று அப்போது தோன்றவில்லை. தெரிந்ததைத் தெரிந்த விதத்தில் சொன்னேன், அவ்வளவுதான்.

துரை என்னவோ மெதுவாகக் கேட்டார்.

"மேல போய் நிக்கறேனா நான், நெசமாவேன்னு கேக்கறாரு," என்றார் பட்லர்.

நான் தலையை ஆட்டினேன்.

துரை மட்டையை எடுத்துக்கொண்டு முதல் மண்மேட்டுக்கு நடந்தார். நான் வேலிக்குப் பின்னால் ஓடிவிட்டேன். முதல் அடியில் பந்து பக்கத்து மேட்டில் இடித்து உருண்டது. இவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. புதிசாக ஒரு கழி தோளுக்குப் பழக நாலு எட்டு ஆகும் என்று எனக்குத் தெரியும். ரெண்டாவது அடியில் சத்தமே வேறு. விறகு பிளக்கும்போது கோடாலி சரியான இழையில் விழுந்தால் ஒரு சத்தம் வருமே, அது. பந்து பனந்தோப்புப் பக்கம் திரும்பியும் பார்க்காமல் நேராகப் போயிற்று. மூன்றாவதும் அப்படியே. துரை அது போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பந்துக்குப் பின்னாலேயே நடந்து போய்விட்டார். திருப்பிக் கொடுக்கவில்லை. எனக்கு அது போதும்.

பந்தயத்தன்று நான் வெளியே வரவில்லை. சாயங்காலம் பட்லர் வந்தார். தொப்பென்று மரப்பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"பெரிய துரை தோத்துட்டாரு," என்றார்.

இவர் முகம் செத்துவிட்டது. "யார்கிட்ட?"

"யார்கிட்டயா? ஒன் ஒல்லி துரை கிட்டதான். ஒரே ஒரு அடில. ஏன் மிஸ்திரி, ரெண்டு பேருக்கும் சரியா கட்டிக் குடுக்கச் சொல்லி ஒன்ன யாரு கேட்டா? ஒருத்தருக்காவது தப்பா குடுத்திருக்கக் கூடாது? ஒல்லியாரு அடிச்ச பந்து ஒண்ணு ஒண்ணும் ரயில் தண்டவாளத்துல போறாப்பல போது."

"பெரியவரு இன்னா சொன்னாரு?"

"மட்டை மேல கொறை இல்லன்னாரு. குழி கிட்ட போய் கை நடுங்கிச்சாம். அதுக்கு தண்டு இன்னா பண்ணும்னு அவரே கேக்கறாரு." மடியை அவிழ்த்துச் சாவியை எடுத்தார். இவர் கையை நீட்டினார். பட்லர் கொடுக்கவில்லை. கதவுப்பக்கம் திரும்பி, "தங்கச்சி, இந்தாம்மா," என்று என்னைப் பார்த்து நீட்டினார். "நான் ஒண்ணும் பிரியப்பட்டுக் குடுக்கல. துரை ஆர்டரு. ஊடு மிஸ்திரிக்கு இல்லயாம், மிஸ்திரி சம்சாரத்துக்காம்."

அந்தச் சாவியை நான் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்று நான் யோசிக்கவில்லை. அதற்கு அடுத்த வாரம் துரைமார் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். எங்கள் வாசலில் நின்று, என் கதவைப் பார்த்து, மட்டையை வீசிக் காட்டுவார்கள். ஒருநாளைக்கு மூன்று பேர், நாலு பேர். பதினோரு பேர் கூடத்திலிருந்து தப்பி வந்தவள் வாசலில் ஒரு பட்டாளமே நிற்கிறது. ரெண்டு நாள் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தேன். மூன்றாம் நாள் இவர் மூங்கில் பிளந்து வாசலுக்கு நேராக ஒரு தட்டி கட்டிக் கொடுத்தார். உள்ளேயிருந்து பார்த்தால் வெளியே எல்லாம் தெரியும். வெளியேயிருந்து பார்த்தால் மூங்கில்தான் தெரியும். இடுப்பு உயரத்தில் கை நுழைகிற அளவு ஒரு சந்து.

அப்புறம் எனக்குக் கஷ்டமில்லை. பங்களாப் பரணில் கிடந்த உடைசல் மட்டைகளின் தண்டுகளை எல்லாம் இவர் கழற்றிக் கொண்டுவந்து, படிக்கல் தொங்கவிட்டுக் கரிக்கோடு பார்த்து, விறைப்பிலிருந்து துவளுவதுவரை வரிசையாகச் சுவரில் சாய்த்து வைத்தார். நான் தட்டிக்குப் பின்னால் அரிசி புடைத்துக்கொண்டே பார்ப்பேன். மூன்றாவது வீச்சு முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். எழுந்து, வரிசையில் ஒன்றை எடுத்து, சந்து வழியாக நீட்டுவேன். பதவியை நான் பார்க்கவில்லை, உடம்பைப் பார்க்கவில்லை, மீசையையும் பார்க்கவில்லை. கை எந்த நேரத்தில் கீழே வருகிறது என்பதை மட்டும் பார்த்தேன். வாங்கிப்போன தண்டை மாற்றக் கேட்டு யாரும் வந்ததில்லை.

ஒருநாள் ஒரு துரைசானி வந்தாள். சின்ன உருவம், கழுத்தெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது. அவள் கையில் இருந்தது புருஷனுடைய பழைய மட்டை, பிடிப்பக்கம் ஒரு சாண் அறுத்துக் குட்டையாக்கினது. உயரம் குறைந்தால் பெண்பிள்ளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்திருக்கிறார்கள். கழியை அறுத்தால் விறைப்பு கூடும் என்பது தயிர் விற்கிற வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒரே ஒரு தரம் வீசினாள். உடம்பெல்லாம் அதிர்ந்து கையை உதறிக்கொண்டாள். நான் வரிசையின் கடைசிக்குப் போய், பெரிய துரைக்குக் கொடுத்ததைவிட ஒரு விரற்கடை கூடத் துவளுவதை எடுத்து நீட்டினேன்.

அவள் அதை வாங்கி அந்தரத்தில் ஒருதரம் வீசிப் பார்த்தாள். அப்படியே நின்றாள். பிறகு குனிந்து அந்தச் சந்துக்குள் தன் கையை நீட்டினாள். கை குலுக்கவேண்டும் என்று. என் கையில் தவிடு. புடவையில் துடைத்துக்கொண்டு அவள் விரலைத் தொட்டேன். அவள் போன பிறகு தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டு, முறத்தை எடுத்து மறுபடியும் புடைக்க உட்கார்ந்தேன்.